ஒரே சோதனை, மூன்று கேள்விகள்: ஸ்பானியச் செய்திகளில் டி.என்.ஏ.

ஸ்பானிய மொழியில் 'புருவேபா' என்று ஒரு சொல் உண்டு. அதற்குச் சோதனை என்றும் பொருள், ஆதாரம் என்றும் பொருள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதும் தேர்வும் புருவேபாதான், நீதிமன்றத்தில் வைக்கும் சாட்சியமும் புருவேபாதான். டி.என்.ஏ.வை அவர்கள் 'ஆ-தெ-எனெ' என்பார்கள். அமிலம் என்ற சொல் அந்த மொழியில் முன்னால் வருவதால் எழுத்துகளின் வரிசை அப்படி மாறிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 'புருவேபா தெ ஆ-தெ-எனெ' என்று தலைப்பில் வந்தால், ஒருவர் அதை 'டி.என்.ஏ. சோதனை' என்று வாசிப்பார், இன்னொருவர் 'டி.என்.ஏ. ஆதாரம்' என்று வாசிப்பார். இருவருமே தவறாக வாசிக்கவில்லை.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அர்ஜென்டினாவில் பாட்டி ஒருவர் பேரனைக் கண்டுபிடித்தாலும், ஸ்பெயினில் ஓர் ஓவியரின் கல்லறையைத் திறந்தாலும், ஒரு நடிகை மார்பக அறுவை செய்துகொண்டாலும், கொலம்பஸ் எந்த ஊர்க்காரர் என்று தொலைக்காட்சி அறிவித்தாலும், தலைப்பில் இருப்பது இதே சொல்தான். எல்லாவற்றுக்கும் ஒரே இயந்திரம், ஒரே அளவு உறுதி என்றுதான் வாசகர் நினைப்பார். உண்மையில் அங்கே மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. இவர் யாருடைய பிள்ளை? இவருடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்? இவருக்கு என்ன நோய் வரும்? முதல் கேள்விக்குக் கிடைக்கும் உறுதி மற்ற இரண்டுக்கும் கிடைக்காது. ஏன் என்று பார்க்கலாம்.

ஓலைச்சுவடியும் பாடபேதமும்

அச்சு வருவதற்கு முன் ஒரு நூல் எப்படிப் பரவியது? ஒருவர் ஏட்டைப் பார்த்து இன்னொருவர் பெயர்த்து எழுதுவார். எழுதும்போது ஓரிரு எழுத்து மாறும். அதற்குப் பாடபேதம் என்று பெயர். அடுத்தவர் அந்தப் பிரதியைப் பார்த்து எழுதும்போது பழைய பிழையும் கூடவே வரும், புதிதாக ஒன்றும் சேரும். பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டு, ஒரே பிழை உள்ள ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கண்டுபிடிப்பார்கள்.

டி.என்.ஏ. என்பது நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் அப்படி ஒரு நீண்ட சுவடி. நான்கே எழுத்துகள்தான், ஆனால் சுமார் 300 கோடி எழுத்து நீளம். அதற்கு நம்மிடம் இரண்டு பிரதிகள்: ஒன்று அம்மாவிடமிருந்து பெயர்த்து எழுதியது, இன்னொன்று அப்பாவிடமிருந்து. அந்தச் சுவடியில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான வாசகம் இருக்கும் பகுதிக்கு மரபணு என்று பெயர். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் எழுத்து மாறியிருக்கும் இடத்தை மாறுபாடு என்று சொல்லலாம். உறவில்லாத இருவரை ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்று மாறியிருக்கும். மரபணுச் சோதனை செய்வதெல்லாம் சில இடங்களைத் திறந்து அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதுதான்.

சுருக்கமாக: சோதனை எழுத்தை வாசிக்கிறது. அந்த எழுத்தை எதோடு ஒப்பிடுகிறோம், என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதிலின் உறுதி.

பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிகள்

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் டி.என்.ஏ. சோதனை மீது இவ்வளவு நம்பிக்கை இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் அர்ஜென்டினா. அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றவை விளங்காது.

1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி. அரசை எதிர்த்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர்களில் கர்ப்பிணிப் பெண்களும் இருந்தார்கள். சிறையில் பிள்ளை பிறக்கும்வரை வைத்திருந்து, பிறந்ததும் தாயைக் கொன்றுவிட்டு, பிள்ளையை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் ராணுவத்தோடு தொடர்புள்ள குடும்பங்கள். இப்படிப் பறிபோன பிள்ளைகள் சுமார் 500 பேர் என்பது பாட்டிகளின் கணக்கு. 1977இல் அந்தப் பாட்டிகள் ஒன்றுகூடினார்கள். 'அபுவேலாஸ் தெ பிளாசா தெ மாயோ', அதாவது மாயோ சதுக்கத்துப் பாட்டிகள்.

மகளும் இல்லை, மருமகனும் இல்லை, பேரன் முகத்தையும் பார்த்ததில்லை. சாதாரணத் தந்தைமைச் சோதனையில் பிள்ளையையும் அப்பாவையும் ஒப்பிடுவார்கள். இங்கே நடுவில் இருக்க வேண்டிய ஒரு தலைமுறையே அழிக்கப்பட்டிருந்தது. எங்கள் ரத்தத்தை வைத்துப் பேரனை அடையாளம் காண முடியுமா என்று கேட்டுக்கொண்டு நாடு நாடாக விஞ்ஞானிகளிடம் போனார்கள். அமெரிக்காவில் மேரி-கிளேர் கிங் என்ற மரபியலாளர் அந்தப் பொறுப்பை ஏற்றார். பாட்டி, தாத்தா, அத்தை, மாமா ஆகியோரின் மாதிரிகளைக் கொண்டு நடுவில் உள்ள தலைமுறையைக் கணக்கால் நிரப்பும் முறை உருவானது. ஸ்பானியத்தில் பாட்டி 'அபுவேலா'. அந்தச் சொல்லை வைத்தே அந்தக் கணக்குக்குப் பெயரும் வந்தது. பாட்டிமைக் குறியீடு என்று தமிழில் சொல்லலாம்.

இதில் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. கைகொடுத்தது. செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற சிறு உறுப்பு இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு குட்டிச் சுவடி உண்டு. அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகும். அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் இருக்கும் வாசகம் அநேகமாக எழுத்து மாறாமல் பேரனிடமும் இருக்கும். மகள் உயிரோடு இல்லாவிட்டாலும் அவள் கடத்திக்கொடுத்த ஏடு இருக்கிறது.

1984இல் பவுலா லொகாரெஸ் என்ற சிறுமி, மரபியல் சான்றின் பேரில் குடும்பத்துக்குத் திரும்பிய முதல் பிள்ளை ஆனாள். 1987இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, தேசிய மரபணுத் தரவு வங்கியை அமைத்தது. முதியவர்கள் இறந்துபோனாலும் அவர்களுடைய மாதிரிகள் காத்திருக்கும் என்பதற்காக.

அர்ஜென்டினப் பத்திரிகைகள் ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் எண் போட்டுத்தான் எழுதும். 'நியெத்தோ 114', அதாவது 114ஆம் பேரன். அந்த எண் அந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2014 ஆகஸ்ட் 5 அன்று கண்டுபிடிக்கப்பட்டவர் இக்னாசியோ, இசைக் கலைஞர், வயது 36. தன் பிறப்பில் சந்தேகம் வந்து அவராகவே சோதனைக்குப் போனவர். அவர் யார் பேரன் என்றால், பாட்டிகளின் தலைவி எஸ்தெலா தெ கார்லோத்தோவின் பேரன். மற்றவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிக்கொடுத்தவருக்கு அன்றுதான் தன் மகள் லவுராவின் பிள்ளை கிடைத்தான். 2025இல் எண்ணிக்கை 140ஐத் தொட்டது.

இந்தச் செய்திகளில் 99.99 சதவீதம் என்று வரும்போது அதை நம்பலாம். அதன் பொருள் எளியது: இவர் இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்றால் இப்படி ஒற்றுமை வருவது இயல்பு, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் என்றால் இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வருவது மிக மிக அரிது. இரண்டு தரப்பு ஏடும் கையில் இருக்கிறது. கேள்வியும் ஒன்றே ஒன்று. பதில் அதனால்தான் இவ்வளவு கூர்மை.

டாலியின் மீசையும் ஒரு தத்துப் பிள்ளையும்

உறவு இல்லை என்று சொல்வது இன்னும் சுலபம். 2017 ஜூலை 20 இரவு, கத்தலோனியாவின் ஃபிகேரஸ் நகரில், ஓவியர் சால்வதோர் டாலியின் கல்லறையை நீதிமன்ற உத்தரவின்படி திறந்தார்கள். தான் அவருடைய மகள் என்று ஒரு பெண் வழக்குப் போட்டிருந்தார். ட்ரோன் வைத்துப் படம் எடுத்துவிடுவார்கள் என்று மேலே துணி கட்டி மறைத்தார்கள். முடி, நகம், பல், எலும்பு ஆகியவற்றில் மாதிரி எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் எது பெரிதாக வந்தது? மீசை. இறந்து 28 ஆண்டுக்குப் பிறகும் மீசை கடிகாரத்தின் பத்து மணி பத்து நிமிட முள் போல அப்படியே நின்றது என்று, டாலி இறந்தபோது உடலைப் பதப்படுத்தியவர் சொன்னதுதான் உலகம் சுற்றியது. செப்டம்பரில் முடிவு வந்தது: அந்தப் பெண் டாலியின் மகள் இல்லை. பெற்றோரிடம் இல்லாத எழுத்து பல இடங்களில் பிள்ளையிடம் இருந்தால் கதை முடிந்தது.

ஆனால் இந்தக் கூர்மையான சோதனையிடமும் அது சொல்லாத ஒன்றை எதிர்பார்க்கிறோம். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் காலத்திலும் அதற்குப் பிறகும் மருத்துவமனைகளில் குழந்தைகள் திருடப்பட்டதாகப் பல குடும்பங்கள் குற்றம் சாட்டிவந்தன. அந்த வழக்குகளில் முதன்முதலாக நீதிமன்ற விசாரணைக்கு வந்தது இனெஸ் மத்ரிகால் என்ற பெண்ணின் வழக்கு, 2018இல். அடுத்த ஆண்டு, அமெரிக்க டி.என்.ஏ. நிறுவனம் ஒன்றின் தரவுத்தொகுப்பில் ஓர் உறவினர் கிடைத்தார். அந்த நூலைப் பிடித்துப்போய்த் தன் உடன்பிறந்தவர்களைக் கண்டுபிடித்தார். தன்னைத் தாய் விரும்பித்தான் தத்துக் கொடுத்தார் என்று அவரே பத்திரிகையாளர்களை அழைத்துச் சொன்னார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். 'டி.என்.ஏ. சோதனை: அவர் திருடப்பட்ட குழந்தை இல்லை' என்ற தொனியில் செய்திகள் வந்தன. டி.என்.ஏ. சொன்னது இவர்கள் உறவினர்கள் என்பதை மட்டும்தான். திருடினார்களா, கொடுத்தார்களா என்பது எந்தச் செல்லிலும் எழுதியிருக்காது. அது அந்தக் குடும்பத்தாரோடு பேசித் தெரிந்துகொண்டது.

சுருக்கமாக: இருவரின் மாதிரியும் இருந்தால், உறவு உண்டா இல்லையா என்பதற்கு மிக உறுதியான பதில் கிடைக்கும். அந்த உறவின் கதை வேறு வழியில்தான் தெரியவரும்.

கொலம்பஸ்: ஒரே வாரத்தில் இரண்டு அறிவிப்புகள்

இரண்டாவது கேள்வி, முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது. இதை விளக்க நமக்கு நல்ல உவமை இருக்கிறது. ஒருவர் 'ஏலே' என்று பேசினால் திருநெல்வேலிப் பக்கம் என்கிறோம், 'ஏனுங்க' என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் என்கிறோம். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் கோவையில் வளர்ந்த திருநெல்வேலிக்காரரும் உண்டு. அப்புறம், அந்தப் பேச்சை வைத்து அவர் கோயிலுக்குப் போவாரா, சர்ச்சுக்குப் போவாரா, பள்ளிவாசலுக்குப் போவாரா என்று சொல்ல முடியுமா?

முன்னோர் சோதனையும் இப்படித்தான். உங்கள் மாறுபாடுகளை எடுத்து, இன்று வாழும் பல ஊர் மக்களின் மாறுபாடுகளோடு ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்தில் இவை அதிகம் என்று பார்க்கிறார்கள். அது ஒரு சாய்வைச் சொல்லும், முகவரியைச் சொல்லாது.

2024 அக்டோபரில் கிரானடா பல்கலைக்கழகத்தின் தடயவியல் நிபுணர் ஹோசே அந்தோனியோ லொரென்தே இரண்டு அறிவிப்புகள் செய்தார். முதலாவது, செவில் பேராலயத்தில் இருப்பவை கொலம்பஸின் எலும்புகள்தான் என்பது. மகன் எர்னாந்தோவின் எலும்போடு ஒப்பிட்டது, அதாவது நம்முடைய முதல் வகைக் கேள்வி. இரண்டாவது, கொலம்பஸ் மேற்கு மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த செபார்டிக் யூதர், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர் என்பது. இது அக்டோபர் 12, ஸ்பெயினின் தேசிய நாளில், அரசுத் தொலைக்காட்சியின் ஆவணப்படத்தில் வெளியானது. இத்தாலியின் ஜெனோவாக்காரர் என்று 500 ஆண்டாகப் படித்துவந்த ஆள் யூதர் என்றால் சும்மா இருப்பார்களா? சில மணி நேரத்தில் உலகம் முழுவதும் தலைப்பு.

படத்தில் அவர் பயன்படுத்திய சொல் என்ன என்று கவனியுங்கள். எர்னாந்தோவின் ஒய் குரோமோசோமிலும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.விலும் யூத மூலத்தோடு 'பொருந்தக்கூடிய' கூறுகள் இருக்கின்றன என்றார். டி.என்.ஏ. சுவடி குரோமோசோம் என்ற கட்டுகளாக இருக்கும். அதில் ஒய் குரோமோசோம் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் பகுதி. சரி, அது கொலம்பஸுடையதுதான். ஆனால் மைட்டோகாண்டிரியா? மேலே பார்த்தோமே, அது தாய்வழி மட்டும். எர்னாந்தோவின் தாய் கோர்தோபாவைச் சேர்ந்த பெயாத்ரிஸ். மகனிடம் இருக்கும் அந்த ஏடு அவள் கொடுத்தது. அதை வைத்துக் கொலம்பஸைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. பாட்டிகளுக்குப் பேரனைக் கொடுத்த அதே ஏடு, இங்கே வேறு ஆளைச் சுட்டுகிறது.

'பொருந்தக்கூடிய' என்ற சொல்லும் பெரிய சொல் இல்லை. செம்மண் ஒட்டிய செருப்பு தேரிக்காட்டோடு பொருந்தும், செம்மண் உள்ள இன்னும் பத்து ஊரோடும் பொருந்தும். யூதர்களிடம் மட்டுமே இருந்து வேறு யாரிடமும் இல்லாத மாறுபாடு என்று ஒன்று கிடையாது. மதம் டி.என்.ஏ.வில் எழுதப்படுவதும் இல்லை. இதற்கெல்லாம் மேலே, அந்த முடிவுக்கு ஆதாரமான தரவு எதுவும் ஆய்விதழில் வெளியாகாமலே படம் ஒளிபரப்பானது. மற்ற நிபுணர்கள் சரிபார்க்கக் கையில் ஒன்றும் இல்லை.

ஸ்பானிய ஊடகங்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டன என்று சொல்லமாட்டேன். எல் பாயிஸ் போன்ற நாளிதழ்கள் மரபியலாளர்களிடம் கேட்டு, இதை ஏற்க முடியாது என்று அவர்கள் சொன்னதை விரிவாக வெளியிட்டன. ஆனால் 'கொலம்பஸ் யூதர்' என்ற தலைப்பு ஓடிய வேகத்தில் அந்த விளக்கம் ஓடவில்லை.

87 சதவீதம் என்றால் என்ன?

மூன்றாவது கேள்வி நோய். 2013 மே மாதம் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தனக்கு பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கோளாறு இருப்பதாகவும், மார்பகப் புற்றுநோய் வர 87 சதவீத வாய்ப்பு என்று மருத்துவர்கள் சொன்னதால் இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதாகவும் எழுதினார். ஸ்பானிய ஊடகங்களிலும் பல வாரங்கள் இதே பேச்சு. 'புற்றுநோய் மரபணு' என்ற பொருளில் 'எல் ஹென் தெல் கான்செர்' என்ற தொடர் அங்கே சர்வசாதாரணமாகப் புழங்குகிறது.

அந்தத் தொடரே தவறு. பி.ஆர்.சி.ஏ.1 மரபணு எல்லோரிடமும் இருக்கிறது, உங்களிடமும் என்னிடமும். செல்லில் டி.என்.ஏ. அறுந்துபோனால் ஒட்டிச் சரிசெய்வதுதான் அதன் வேலை. அந்த வாசகத்தில் கெடுதலான மாறுபாடு இருந்தால் பழுதுபார்ப்பு ஒழுங்காக நடக்காது, அதனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். வீட்டு எலெக்ட்ரீஷியனைத் தீவிபத்துக்காரர் என்று கூப்பிடுவது போலத்தான் அந்தப் பெயர். இந்த மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் காட்டியவர் யார் தெரியுமா? பாட்டிகளுக்கு உதவிய அதே மேரி-கிளேர் கிங். ஒரே கைதான் இரண்டு வேலையையும் செய்தது, ஆனால் இரண்டின் பதிலும் ஒரே மாதிரி இல்லை.

பேரன் விஷயத்தில் 99.99 என்பது ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைப் பற்றியது. 87 என்பது இனி நடக்கக்கூடியதைப் பற்றியது. வானிலை அறிக்கை மாதிரி. அதே மாறுபாடு உள்ள நூறு பெண்களை எடுத்தால், வாழ்நாளில் இத்தனை பேருக்கு வரலாம் என்ற மதிப்பீடு. அந்த நூறில் நீங்கள் எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. ஆய்வுகள் பெருகும்போது எண்ணும் மாறும்: 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 80 வயதுக்குள் சுமார் 72 சதவீதம் என்றது. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படிப் பரம்பரையாக வருவது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமை. வீட்டுக்கு அனுப்பும் எச்சில் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2018இல் அப்படி அனுமதி பெற்ற ஒரு சோதனை மூன்றே மூன்று மாறுபாடுகளைப் பார்த்தது. பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் தெரிந்தவை ஆயிரத்துக்கும் மேல்.

சுருக்கமாக: நோய்ச் சோதனை சொல்வது வாய்ப்பு. 'மரபணு இருக்கிறது' என்று செய்தியில் வந்தால் 'கெடுதலான மாறுபாடு இருக்கிறது' என்று மாற்றி வாசியுங்கள்.

யாருமால் ஊர்க்காரர்கள்

சரி, மாறுபாடு இருந்தால் நோய் நிச்சயம் என்று சொல்லத்தக்க இடமே இல்லையா? கிட்டத்தட்ட உண்டு. கொலம்பியாவில் மெதெயின் நகரத்தைச் சுற்றிய அந்தியோக்கியா மலைப் பகுதியில், யாருமால் போன்ற ஊர்களில், நாற்பது வயதைத் தாண்டும்போதே நினைவு தப்பும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. ஊரில் அதை 'பொபேரா' என்பார்கள், அசடுபிடித்தல் என்று சொல்லலாம். நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா 1980களிலிருந்து அந்த வீடுகளுக்கு நடையாய் நடந்து வம்சாவளியை வரைந்தார். அது சுமார் 6000 பேர் கொண்ட ஒரே பெருங்குடும்பம், காரணம் ஒரே ஒரு எழுத்து மாற்றம். அந்தப் பகுதி மக்களைக் குறிக்கும் சொல்லை வைத்து 'பாய்சா மாறுபாடு' என்று பத்திரிகைகள் எழுதின. பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்துவிட்டால் 50 வயதை ஒட்டி அல்சைமர் என்ற மறதி நோய்.

அங்கேயும் ஒரு பெண் இருந்தார், அலிரியா பியெத்ராஹீதா. அந்த மாறுபாடு அவரிடம் இருந்தது. ஆனால் 70 வயதைத் தாண்டும்வரை நினைவு பிசகவில்லை. வேறொரு மரபணுவில், இரண்டு பிரதிகளிலும் இருந்த அரிய மாறுபாடு அவரைப் பாதுகாத்திருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரு ஏட்டின் பிழையை இன்னொரு ஏடு ஈடுகட்டியிருக்கலாம். அவர் 2020இல் காலமானார், மூளையை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு.

இதே குடும்பத்தினரை வைத்து 2013 முதல் 2022 வரை ஒரு மருந்தைச் சோதித்தார்கள். 252 பேர். மருந்து பலன் தரவில்லை. ஆனால் அந்த ஆய்வை அமைத்த விதம் செய்திகளில் போதிய அளவு வரவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. மாறுபாடு உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், சேர்க்கப்பட்டதே அவர்களுக்குத் தீர்ப்பாகிவிடும். தங்களிடம் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் அந்த ஊர்களில் நிறைய. அதனால் மாறுபாடு இல்லாத உறவினர்களையும் சேர்த்து, அவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே நாளில் வந்து ஊசி போட்டுக்கொண்டு போகலாம், இருவரில் யாருடைய ஏட்டில் அந்த எழுத்து மாறியிருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது.